காசாவிலிருந்து விமானம் ஏறினேன்

காசாவை மீண்டும் கட்டியெழுப்புவது பற்றி இப்போது வெளிவரும் எந்தத் திட்டத்தைப் புரட்டினாலும் அதில் ஒரு விமான நிலையமும் ஒரு துறைமுகமும் இருக்கின்றன. எகிப்து தயாரித்து, 2025 மார்ச்சில் கெய்ரோவில் கூடிய அரபு நாடுகள் ஏற்றுக்கொண்ட 5,300 கோடி டாலர் திட்டத்தில் இரண்டும் உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்னால் காசாவை ‘மத்தியக் கிழக்கின் ரிவியரா’ ஆக்கலாம் என்று அதிபர் டிரம்ப் சொன்னார். அதைத் தொடர்ந்து அமெரிக்காவில் புழங்கிய வரைவுகளிலும் இரண்டும் உண்டு. அந்த மணற்கரைக்கு விமானமும் கப்பலும் வரலாம் என்று யாரோ இப்போதுதான் முதல்முறையாக யோசித்திருப்பதாக இவற்றைப் படிக்கும் இளைஞர்களுக்குத் தோன்றும். நான் காசாவிலிருந்து விமானம் ஏறியவன். இந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

1999இல் ஒரு குடிநீர்த் திட்டத்தில் பொறியாளனாக அங்கே போய்ச் சேர்ந்தேன். காசா நகரின் ரிமால் பகுதியில், கடலுக்கு நடந்தே போய்விடலாம் என்ற தூரத்தில் அறை. ஊர் முழுக்கக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்துகொண்ட ஒஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. துனிஸிலிருந்து திரும்பிய பாலஸ்தீனத் தலைவர்களும் வளைகுடாவில் சம்பாதித்தவர்களும் மாடிமேல் மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எந்தக் காபிக்கடையில் உட்கார்ந்தாலும் காசா சிங்கப்பூர் ஆகிவிடும் என்ற பேச்சு காதில் விழும். சிமென்டையும் பெட்ரோலையும் அதிகாரத்துக்கு நெருக்கமானவர்கள் தங்கள் தனி வியாபாரமாக்கிக்கொண்டார்கள் என்ற கசப்பும் அதே கடைகளில்தான் கேட்கும். ஆனாலும் நாளை என்று ஒன்று இருப்பதாக மக்கள் நடந்துகொண்டார்கள். மகள் கல்யாணத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே தளம் போட்டு வைத்தார்கள்.

விமான நிலையம் தெற்கே, ரஃபாவைத் தாண்டி, எகிப்து எல்லையோரம் இருந்தது. 1998 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்க அதிபர் கிளின்டன் நேரில் வந்து யாசர் அராஃபத்தோடு நின்று நாடா வெட்டினார். முனையத்தை மொராக்கோ கட்டடக் கலைஞர்கள் வரைந்திருந்தார்கள். ஜப்பான், சவூதி அரேபியா, ஸ்பெயின், ஜெர்மனி, எகிப்து என்று பல நாட்டுப் பணம் அதில் இருந்தது. ஓடுபாதை 3 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானங்களே இறங்கக்கூடிய நீளம். பாலஸ்தீனியன் ஏர்லைன்ஸுக்கு நெதர்லாந்து கொடுத்த ஃபோக்கர் 50 விமானத்தில் நான் அம்மானுக்குப் போனேன்.

பக்கத்து இருக்கையில் கான் யூனிஸ் முகாமைச் சேர்ந்த ஒரு பாட்டி. ஜோர்டானில் இருக்கும் மகனைப் பார்க்க அதுவரை அவர் இஸ்ரேலுக்குள் நுழைந்து, மேற்குக் கரையைத் தாண்டி, ஜோர்டான் ஆற்றுப் பாலத்தைக் கடந்து போயிருக்கிறார். வழியில் எத்தனை வரிசைகள், எத்தனை சோதனைகள் என்று விரல்களை மடக்கி எண்ணிக் காட்டினார். விமானம் கடல்மேல் வளைந்து திரும்பியபோது முழு காசாவும் எங்கள் ஒரே ஜன்னலுக்குள் வந்துவிட்டது. நீளம் 41 கிலோமீட்டர், அகலம் 6 முதல் 12 கிலோமீட்டர், மொத்தப் பரப்பு 365 சதுர கிலோமீட்டர். அதற்குள் அன்று பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள். மூவரில் இருவர் 1948இல் ஊரைவிட்டு விரட்டப்பட்ட அகதிகள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். தென்மேற்கு மணல்மேடுகளில் யூதக் குடியிருப்புகளின் பசுமைக்குடில்கள் வெள்ளையாகப் பளபளத்தன. அவற்றின் வேலியை ஒட்டியே கான் யூனிஸ் முகாமின் தகரக் கூரைகள். பாட்டி தன் வீட்டைத் தேடிக் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்த விமான நிலையத்தில் இஸ்ரேலின் ஒப்புதல் இல்லாமல் ஒரு விமானமும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. கொடியும் சீருடையும் பாலஸ்தீனருடையவை. திறக்கும் மூடும் உரிமை அவர்களிடம் இல்லை. அன்று அங்கே கட்டப்பட்ட எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான். 1994இல் பாரிஸில் கையெழுத்தான பொருளாதார ஒப்பந்தப்படி காசாவுக்கென்று தனி நாணயம் கிடையாது. புழங்கியது இஸ்ரேலின் ஷெக்கல். காசாவுக்கு வரும் சரக்கின் சுங்க வரியை இஸ்ரேல் வசூலித்து, 3 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைப் பாலஸ்தீன ஆணையத்துக்குக் கொடுக்கும். கோபம் வந்தால் கொடுக்காது. காசா-இஸ்ரேல் எல்லையிலுள்ள கர்னி கடவையில் ஒரு லாரியின் சரக்கை முழுக்க இறக்கி, சோதித்து, சுவரின் மறுபக்கம் நிற்கும் இன்னொரு லாரியில் ஏற்றவேண்டும். எங்கள் குழாய்கள் அப்படித்தான் வந்தன. ஒரு வால்வு வந்துசேர ஒரு பருவம் ஆகும்.

என்னோடு வேலை பார்த்த காசா பொறியாளர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய அப்பா இஸ்ரேலில் கட்டடத் தொழிலாளியாக இருந்து, அந்தக் கூலியில் மகனைப் படிக்கவைத்தவர். தம்பி மேற்குக் கரையில் பீர்ஸெய்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1999 அக்டோபரில், காசாவிலிருந்து மேற்குக் கரையில் ஹெப்ரான் பக்கம் உள்ள தர்குமியாவரை இஸ்ரேல் வழியாகப் போகும் பாதையைத் திறந்தார்கள். இரு பகுதிகளும் ஒரே நிலப்பகுதி என்று ஒஸ்லோ ஒப்பந்தம் சொல்லி ஆறு ஆண்டுகள் கழித்து வந்த முதல் சாலை அது. நண்பர் அனுமதி வாங்கிப் பேருந்தில் போய்த் தம்பியைப் பார்த்து வந்தார். தர்குமியாவரை ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அதற்குப் பிறகு ஒரு வாரம் அலுவலகத்தில் அவர் வேறெதையும் பேசவில்லை.

2000ஆம் ஆண்டு கோடையில் துறைமுக வேலை தொடங்கியது. காசா நகருக்குத் தெற்கே நெதர்லாந்து, பிரெஞ்சு நிறுவனங்கள் இடத்தைத் தயார்செய்தன. கடலுக்குள் சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில் எரிவாயு கிடைத்திருந்தது. ஒரு லட்சம் கோடி கன அடிக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். செப்டம்பர் 27ஆம் தேதி அராஃபத் கடலுக்குப் போய், துரப்பண மேடையில் எரியும் சுடரைப் பார்த்து, இது இறைவன் நமக்குத் தந்த கொடை என்ற பொருளில் பேசினார். அன்றிரவு காசாவில் பலர் தூங்கியிருக்க மாட்டார்கள். மறுநாள் இஸ்ரேலிய எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன் ஜெருசலேமில் அல்-அக்ஸா வளாகத்துக்குள் போனார். அதற்கடுத்த நாள் துப்பாக்கிச் சூடு. பாலஸ்தீனரின் எழுச்சியான இரண்டாவது இந்திஃபாதா தொடங்கிவிட்டது.

அந்த எரிவாயுவில் ஒரு கன அடிகூட இன்றுவரை காசாவின் அடுப்புக்கோ விளக்குக்கோ வரவில்லை. அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து இஸ்ரேல் கடலில் கண்டுபிடித்த லெவியதான் வயலிலிருந்து எகிப்துக்கும் ஜோர்டானுக்கும் வாயு போகிறது. காசாவில் 2002இல் இயங்கத் தொடங்கிய மின் நிலையமோ கையெட்டும் கடலில் வாயு கிடக்க, வெளியிலிருந்து வாங்கிய டீசலை எரித்து ஓடியது. 2006 ஜூனில் இஸ்ரேலிய விமானங்கள் அதன் மின்மாற்றிகளைக் குண்டு வீசி அழித்தன. பிறகு அது முழுத் திறனோடு ஓடியதே இல்லை.

துறைமுக இடத்தை இஸ்ரேலியப் படைகள் இந்திஃபாதாவின் தொடக்கத்திலேயே நாசமாக்கின. பணம் கொடுத்த நாடுகள் விலகிக்கொண்டன. தர்குமியா பாதையை 2000 அக்டோபரில் மூடினார்கள். விமான நிலையத்தின் ரேடார் 2001 டிசம்பரில் போனது. 2002 ஜனவரியில் புல்டோசர்கள் வந்து ஓடுபாதையைக் குறுக்கே குறுக்கே வெட்டின. நான் அதற்கு முன்பே எரெஸ் கடவை வழியாக வெளியேறியிருந்தேன். செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்தபோது ஜன்னலில் முகம் பதித்திருந்த பாட்டியைத்தான் நினைத்தேன்.

பிந்திய ஆண்டுகளில் முற்றுகை இறுகி, சிமென்டும் ஜல்லியும் வராமல் போனபோது, மக்கள் கழுதை வண்டிகளோடு அந்த ஓடுபாதைக்குப் போய்க் கற்களைப் பெயர்த்து வந்து விற்றார்கள். அதிபர்கள் நடந்த தளம் ஏழைகளின் வீட்டுச் சுவரானது. அவர்கள் மீது எனக்குத் துளியும் குறை இல்லை. விமானம் வராத ஓடுபாதையைவிட மழை ஒழுகாத ஒரு அறை மேலானது.

2005இல் இஸ்ரேல் தன் குடியேறிகள் எண்ணாயிரம் பேரை, அவர்களுடைய 21 குடியிருப்புகளிலிருந்தும் வெளியேற்றியது. நண்பர் தொலைபேசியில் அழைத்து, வடக்கிலிருந்து தெற்குவரை ஒரு சோதனைச்சாவடிகூட இல்லாமல் சலாஹுத்தீன் சாலையில் வண்டி ஓட்டினேன் என்றார். அந்தப் பசுமைக்குடில்களை அழியாமல் காப்பாற்ற 1.4 கோடி டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். உலக வங்கியின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபன்சன் தன் சொந்தப் பணத்தில் 5 லட்சம் டாலர் போட்டார். ஆட்கள் புகுந்து கொஞ்சம் சூறையாடவும் செய்தார்கள், உண்மைதான். ஆனால் சேதத்தைச் சரிசெய்து, பயிரிட்டு, ஸ்ட்ராபெர்ரியும் தக்காளியும் குடைமிளகாயும் அறுவடைக்கு வந்தன. நாள் ஒன்றுக்கு 150 லாரிகள் கர்னி வழியாகப் போகும் என்று நவம்பரில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சொன்னது. 2006 தொடக்கத்தில் பாதுகாப்புக் காரணம் சொல்லி இஸ்ரேல் கர்னியை நாள்கணக்கில், வாரக்கணக்கில் மூடிவைத்தது. ஐரோப்பிய மேசைக்குப் போகவேண்டிய பழங்கள் அழுகின. விவசாயிகள் அவற்றை ஆட்டுக்குப் போட்டார்கள். நல்ல மண், நல்ல விதை, கடல் காற்று, உழைக்கும் கை, முதல் போட ஆள் என்று ஒரு பொருளாதாரத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருந்தன. ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. காசாவை ஏழை நாடு என்று யாராவது சொன்னால் நான் இந்த அறுவடையைத்தான் சொல்லி மறுப்பேன். அது ஏழையாக்கப்பட்டது.

2006இல் ஹமாஸ் இயக்கம் பாலஸ்தீனத் தேர்தலில் வென்றது. 2007இல் போட்டி அமைப்பான ஃபத்தாவோடு தெருச்சண்டை போட்டு ஆட்சியைக் கைப்பற்றியது. இஸ்ரேல் எல்லைகளை இறுக்கியது, எகிப்தும் தன் பங்குக்கு ரஃபாவை மூடியது. பட்டினி இல்லாமல் இருக்க ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 2,279 கலோரி வேண்டும் என்று இஸ்ரேலிய ராணுவ அமைச்சகம் 2008இல் கணக்குப் போட்டு வைத்திருந்தது. அந்த ஆவணம் நீதிமன்றத்தின் வழியாக 2012இல்தான் வெளியே வந்தது. ரஃபா மண்ணுக்கடியில் சுரங்கங்கள் தோண்டி ஆடு, மாடு, டீசல், சிமென்ட், முழு மோட்டார் கார் எல்லாம் கொண்டுவந்தார்கள். ஹமாஸ் அதற்கு வரி போட்டது. தனக்கென்று வேறு சுரங்கங்களும் தோண்டியது. மக்களுக்குக் கிடைக்கவேண்டிய எத்தனை மூட்டை சிமென்ட் அங்கே போயிருக்கும் என்ற கேள்வியையும் நான் விடமாட்டேன்.

தண்ணீர்தான் என் தொழில் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். காசாவின் அடியில் இருப்பது மணலும் மணற்கல்லும் கலந்த ஒரு நீர்த்தேக்கம். மழை ஆண்டுக்குச் சுமார் 5.5 முதல் 6 கோடி கன மீட்டர் அதில் ஊறும். நாங்கள் வேலை பார்த்தபோதே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பின்னர் மூன்று மடங்கை எட்டினார்கள். உறிஞ்சும் பள்ளத்துக்குக் கடல் உள்ளே வரும். ரிமாலில் என் தேநீர் அன்றைக்கே உப்புக் கரித்தது. சர்க்கரை போட்டால் கரிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். 2012இல், 2020க்குள் காசா வாழத் தகுதியானதாக இருக்குமா என்று கேட்டு ஐ.நா. ஓர் அறிக்கையே வெளியிட்டது. 2023இல் தொடங்கிய போருக்கு முந்திய ஆண்டுகளில் அந்த நிலத்தடி நீரில் 95 சதவீதத்துக்கு மேல் குடிக்க லாயக்கற்றது.

கழிவுநீர்க் கதை இன்னும் கொடியது. பெய்ட் லாஹியாவின் பழைய சுத்திகரிப்புக் குளங்கள் நிரம்பி வழிந்து மணல்மேடுகளுக்கு நடுவே ஏரி கட்டியிருந்ததை நான் 1999இல் பார்த்தேன். கரை தாங்காது என்று அப்போதே எல்லாருக்கும் தெரியும். புதிய நிலையத்துக்குப் பணம் கிடைத்தது, வரைபடம் தயாரானது. பம்புகளும் குழாய்களும் அனுமதிக்காகக் காத்துக் கிடந்தன. 2007 மார்ச்சில் ஒரு குளத்தின் கரை உடைந்து உம் அல்-நஸ்ர் கிராமத்தின் மேல் கழிவு வெள்ளம் பாய்ந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். புதிய நிலையம் 2018இல்தான் ஓடத் தொடங்கியது. நடுவே மூன்று போர்கள். சிக்கலே இல்லாத ஒரு சாக்கடைத் திட்டம் அது. வேறு எந்த ஊரிலும் நான்கு ஆண்டுகளில் முடிந்திருக்கும்.

இத்தனை நடந்தும் காசா மக்கள் கட்டுவதை நிறுத்தவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டெய்ர் அல்-பலாஹ்வில் 2017இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. மின்சாரம் நாளுக்கு நான்கு மணி நேரமாகச் சுருங்கிய காலத்தில் மொட்டைமாடி மொட்டைமாடியாகச் சூரியத் தகடுகளை மாட்டினார்கள். நண்பரின் வீட்டு மாடியிலும் இருந்தன. 2023 அக்டோபரில் இஸ்ரேலுக்குள் போய் வேலை செய்ய ஏறக்குறைய 18,000 பேரிடம் அனுமதி இருந்தது. நண்பரின் மகன் அவர்களில் ஒருவன். தாத்தாவைப் போலவே அவனுக்கும் கட்டட வேலை.

அந்த மாதம் 7ஆம் தேதி ஹமாஸ் எல்லை தாண்டிப் போய்ச் சுமார் 1,200 பேரைக் கொன்றது, 251 பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துச் சென்றது. கிபுட்ஸ் வீடுகளில் குடும்பம் குடும்பமாகக் கொல்லப்பட்டவர்களுக்காகவும் என் மனம் கனக்கிறது. அதற்குப் பதிலாக இஸ்ரேல் இரண்டு ஆண்டுகள் நடத்திய போரில் இறந்தவர்களின் எண்ணிக்கை, காசா சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 70,000ஐத் தாண்டிவிட்டது. இடிபாடு 5 கோடி டன்னுக்கு மேல். இந்தியா நூலகம் அமைத்துக் கொடுத்த அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களும் அதில் அடக்கம். 1956 முதல் 1967வரை ஐ.நா. அமைதிப்படையில் நம் வீரர்கள் காவல் நின்ற மண் அது. அங்கேயே இறந்து புதைக்கப்பட்டவர்களும் உண்டு. 1996இல் காசாவில் திறந்த பிரதிநிதி அலுவலகத்தை இந்தியா 2003இல் ரமல்லாவுக்கு மாற்றிக்கொண்டது. நம் நாளிதழ்களில் இதெல்லாம் ஒரு வரி வந்தால் அதிகம்.

2024 மே மாதம் அமெரிக்க ராணுவம் காசா நகருக்குத் தெற்கே கடற்கரையில் நிவாரணப் பொருள்களை இறக்க ஒரு மிதவைத் துறையைக் கொண்டுவந்து பொருத்தியது. 23 கோடி டாலர் செலவு. அலையில் உடைந்தது, பழுதுபார்த்தார்கள், மறுபடி கழற்றினார்கள். வேலை செய்த நாட்கள் ஏறக்குறைய இருபது. ஜூலையில் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். 2000இல் கட்டத் தொடங்கிய துறைமுகத்தை விட்டுவைத்திருந்தால் அந்த நிவாரண மாவு மூட்டைகள் இறங்க அங்கே சாதாரண ஒரு படகுத்துறையே போதுமாக இருந்திருக்கும்.

பணத்தாளின் கதியையும் சொல்லிவிடுகிறேன். போர் தொடங்கியபின் காசாவுக்குப் புதிய ஷெக்கல் நோட்டு வரவில்லை. வங்கிகள் இடிந்துவிட்டன. கைபட்டுக் கைபட்டு நைந்த நோட்டைக் கடைக்காரர் வாங்க மறுக்கிறார். அதனால் சந்தையில் சிறு மேசை போட்டு, கிழிந்த நோட்டைப் பசை தடவி ஒட்டித் தருவதே ஒரு தொழிலாகிவிட்டது. கணக்கில் இருக்கும் சம்பளத்தை நோட்டாக மாற்ற இடைத்தரகர் மூன்றில் ஒரு பங்கையும் அதற்கு மேலும் பிடித்துக்கொண்டதுண்டு. தனி நாணயம் வேண்டாம் என்று 1994இல் எழுதிய ஒரு வரி, முப்பது ஆண்டுகள் கழித்து ரொட்டி வாங்கப் போகும் பெண்ணின் கையில் கிழிசலாக வந்து நிற்கிறது.

2025 அக்டோபரில் சண்டை நிறுத்தம் வந்தது. காசாவின் பாதிக்கு மேற்பட்ட நிலத்தை இஸ்ரேலிய ராணுவம் மஞ்சள் கோடு போட்டுத் தன் பக்கம் வைத்துக்கொண்டது. விமான நிலையம் இருந்த இடமும் அந்தப் பக்கம்தான். நண்பர் தன் மகனையும் வீட்டையும் இழந்துவிட்டார். இப்போதும் வேலைக்குப் போகிறார். சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “யா முஹந்திஸ் (பொறியாளரே), நம் பழைய குழாய் வரைபடங்கள் ஏதாவது உங்களிடம் இருக்கின்றனவா?” 2023 நவம்பரில் காசா நகராட்சியின் மைய ஆவணக்காப்பகம் எரிந்துபோயிருந்தது. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்பது இனி வயதானவர்களின் ஞாபகத்தில்தான்.

என்னிடம் ஒரு அட்டைக் குழலில் சில பிரதிகள் இருந்தன. படமெடுத்து அனுப்பினேன். மறுநாளே அழைத்தார். ஒரு படத்தில், கடற்கரைச் சாலையோரம் ஒரு கிளைக்குழாய் மூடிய முனையோடு நிற்கிறது. அதற்கு அப்பால் கடல் பக்கம் புள்ளிக்கோடு. ‘வருங்காலத் துறைமுகத்துக்கு’ என்று என் கையெழுத்து. அந்த முனையை நிஜமாகவே புதைத்தோமா, இல்லை காகிதத்தில் மட்டுமா என்று கேட்டார். புதைத்தோம், நீங்கள்தான் மூடியை முடுக்கினீர்கள் என்றேன். சாலை விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று படத்தைப் பார்த்துச் சொன்னேன். தோண்டும் எந்திரம் கிடையாது. ஆட்கள் மண்வெட்டியால் தோண்டி அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரும்பு நன்றாகவே இருந்தது. அடைப்பு வளையம் மட்டும் மக்கிப்போயிருந்தது. லாரி டியூபை வெட்டிப் புது வளையம் செய்து, பக்கத்துக் கிணற்றை ஜெனரேட்டரில் ஓட்டி, அந்தக் கரையில் இருக்கும் கூடாரங்களுக்கு இப்போது நாளுக்குச் சில மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். வால்வு ஒன்று வேண்டும், எந்த அளவு என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அது கடவையில் அனுமதிக்காக நிற்கிறது.